தப்பில்லாத விண்ணப்பம்

1932-ஆம் வருஷம், கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையின் கிடங்கில் பேல் என்னும் பஞ்சுப்பொதிகளை அடுக்கும் வேலையில் இருந்தேன். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். குடும்பம் இல்லை. யாரிடமும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசக் கூச்சம். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை 'டா' போட்டுக் கூப்பிட ஒரே ஒருவன் இருந்தான். பேலின் மறுமுனையைப் பிடிப்பவன் அவன். மத்தியானச் சோற்றையும் ஒரே பேலின்மேல் உட்கார்ந்துதான் தின்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷன் பள்ளியில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள். பேசத்தான் எனக்குக் கூச்சம், எழுதக் கூச்சமில்லை, விடாமல் போனேன். 'அதைவிட இது பெரிது', 'அதைப் போலவே இதுவும் நல்லது' என்று எழுதும் பாடம் நடந்த சமயத்தில் கிடங்கு மேஸ்திரி வேலை காலியானது. ஆலையின் வெள்ளைக்காரத் துரைக்கு இங்கிலீஷில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எழுதியதை வாத்தியாரம்மாவிடம் காட்டினேன். 'நான் அதிகக் கவனமுள்ளவன்' என்ற இடத்தில் விரலை வைத்து, யாரைவிட என்று சொன்னால்தான் வாக்கியம் நிற்கும் என்றார். கிடங்கில் எனக்கு வேறு யாரைத் தெரியும்? என்னோடு பேல் பிடிக்கும் அவன் பெயரை எழுதினேன். பிறகு கை தானாக ஓடியது. அவனைவிட நேரம் தவறாதவன், அவனைவிட நாணயமானவன். திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் கொடுத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் அவன் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினான். அதே மேஸ்திரி வேலைக்கு அவனுக்கும் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டுமாம். வீட்டில் நாலு பிள்ளைகள். என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"இருவது வருசமா பேல் தூக்கறேன்னு எழுது. என்னையவிட நீ நாணயமான ஆளு, எனக்கில்லீன்னா உனக்கே குடுக்கட்டும்னு அதையும் எழுதிப்போடுடா."

என்னுடையதைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ஆபீஸ் வாசல்வரை போனேன். குமாஸ்தாவிடம் காரணம் சொல்ல வேண்டுமே என்று வாய் எழாமல் திரும்பிவிட்டேன். அவன் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் இருவரையும் கூப்பிட்டார்கள். துரை இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். குமாஸ்தா எங்களுக்காகத் தமிழாக்கி உரக்கப் படித்தார், முதலில் என்னுடையதை, பிறகு அவனுடையதை.

"ரெண்டு பேரும் ஒண்ணையேதான் சொல்றீங்க. அப்பறம் துரைக்கு என்ன யோசனை வேண்டிக்கெடக்குது?" என்றார். என் இங்கிலீஷில் ஒரு தப்புக்கூட இல்லை என்று துரை சொன்னாராம். வேலை எனக்குத்தான்.

மத்தியானம் சோற்றுத் தூக்குப்போசியோடு வந்த அவனுக்கு, பேலின்மேல் நகர்ந்து இடம் விட்டேன்.

"நீங்க சாப்புடுங்க மேஸ்திரி. நான் அப்பறமாச் சாப்புட்டுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான்.

ஆறு வருஷமாகிறது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. யாரைவிட நான் மேல் என்று எழுதினேனோ, அவனைத் தவிர எனக்கென்று யாரும் இருக்கவில்லை என்பதுதான் சோற்றைத் திறக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.