தானாக அடித்த மணி

எங்கள் ஊரின் வரலாறும் மாதா கோயிலின் வரலாறும் ஒன்றுதான். நூற்றைம்பதாம் ஆண்டு விழா மலருக்காக அதை எழுத எட்டுப் பேர் குழு அமைத்தார்கள், நானும் ஒருவன். வீடு வீடாகத் தகவல் கேட்டோம். கோயிலுக்கு முதல் கல் எடுத்து வைத்தவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் பதினேழு தாத்தாக்கள் தேறினார்கள், என் தாத்தாவையும் சேர்த்து. யார் மனமும் நோக வேண்டாம் என்று பதினேழு பேரையும் போட்டோம்.

வெள்ளத்தைப் பற்றி மட்டும் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. முப்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. கோயில் மணி தானாக அடித்தது. சத்தம் கேட்டு எல்லாரும் மேட்டுக்கு ஓடித் தப்பித்தோம். புதுமை என்று நாங்கள் சொல்லும் அந்த அற்புதத்துக்காகவே வெளியூர்க்காரர்கள் வந்து மணிக்கயிற்றைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.

மற்ற நாட்களில் அந்தக் கயிற்றை இழுப்பவர் கோயில்பிள்ளை. பெருக்குவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, கல்லறைக்குக் குழி வெட்டுவது எல்லாம் அவர் தலையில்தான். அதிர்ந்து பேசமாட்டார். அவர் மனைவி நேரெதிர். அந்த அம்மா வாயைத் திறந்தால் ஃபாதரே வேறு வழியாகப் போவார். போன வருடம் அந்த அம்மா இறந்துபோனார்.

மலர் அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் கோயில்பிள்ளை எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"வெள்ளத்தன்னைக்கு மணி தானா அடிக்கலைங்க. எனக்குக் காய்ச்சல், எழுந்திரிக்க முடியலை. என் பொண்டாட்டிதான் ஓடிப்போய் அடிச்சா. பொம்பளைங்க கயித்தைத் தொடக்கூடாதுன்னு அப்போ சட்டம். தெரிஞ்சா வேலையும் போகும், கோயில்ல கொடுத்த வீடும் போகும்னு வாயைத் திறக்கலை. உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சு, ஒரு வாரம் நான்தான் சோறு ஊட்டினேன். அவ பேரை ஒரு வரி போடுங்க, போதும்."

குழுத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தலையைச் சொறிந்தார். "ஒரு வரிதான் அண்ணே. அந்த ஒரு வரியில புதுமையே போயிடுமே!"

என் பங்குக்கு நான் பூசி மெழுகினேன். "பெண் உருவத்துல ஒரு வானதூதர் வந்து அடிச்சார்னு போட்டா?"

எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஓவியர் ஒல்லியாக, சிவப்பாக, இரண்டு சிறகோடு ஒரு படமும் போட்டுக் கொடுத்தார். கோயில்பிள்ளை அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது யாருங்க?" என்றார். நாங்கள் அட்டையின் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

விழா நாளில் பிஷப், எங்கள் ஆயர், கல்வெட்டைத் திறக்கும் நொடியில் மணி தானாக அடிக்க வேண்டும் என்பது தலைவரின் திட்டம். தானாக அடிக்க ஆள் வேண்டுமே! கயிற்றை மறைத்துத் திரை கட்டி, பின்னால் கோயில்பிள்ளையை நிறுத்தினோம்.

ஆயர் துணியை விலக்கினார். கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மணி அடிக்கவில்லை. ஆயர் மூடிவிட்டு மறுபடியும் விலக்கினார். அப்போதும் இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் கண்ணைக் காட்ட, நான் திரைக்குள் நுழைந்தேன்.

கோயில்பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இழுங்க! மானம் போகுது."

"தானாதானே அடிக்கும்னு சொன்னீங்க? அதான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"விளையாடாதீங்கண்ணே."

அவர் கண் கலங்கியிருந்தது. "அடிச்சவ செத்துட்டா தம்பி. இனிமே யாரு அடிப்பா?"

கயிறு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. வெட்கத்தில் எனக்குக் கை வரவில்லை. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.