ஒரே லைனில் ஆறு பேர்

அந்த பிரவுசிங் சென்டர்காரரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. தொண்ணூறுகளின் கடைசி அது. ரியாத்தில் என் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன். முடிந்ததும் மெயில் அனுப்புவதாக அவள் கணவர் சொல்லியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து ராஜபாளையம் போனேன். தன்னுடையது போக ஆறு கம்ப்யூட்டர்களை ஒரே டெலிபோன் லைனில் கட்டி வைத்திருந்தார் அந்தப் புண்ணியவான்.

மெயில் வந்திருந்தது. ஆனால் திறக்கவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்தபடி, மற்ற ஐந்து பேரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இவர்களுடைய வெட்டி அரட்டை இன்றைக்கென்றா வாய்க்க வேண்டும்?

"எல்லாரும் ஒண்ணா இழுத்தா எப்பிடிம்மா வரும்?" என்றார் கடைக்காரர், தலையைத் தூக்காமலே.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த ஜவுளிக்கடை பாய் என் கண்ணீரைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். உடனே எழுந்து, "ஏம்ப்பா, செத்த நேரம் எல்லாரும் நிறுத்துங்க. இந்தம்மா தங்கச்சிக்கு ஆபரேசனாம்," என்றார். ஒருவர்கூட மறுக்கவில்லை. அப்போதும் திரை அசையவில்லை.

எழுந்து போய்க் கடைக்காரரின் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். சினிமாப் பாட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சந்தாம்மா," என்று இளித்தார்.

அதன் பின்னாலிருந்த வயரைப் பிடுங்கிவிட்டு வந்தேன். மெயில் திறந்தது. தங்கை கண் விழித்துவிட்டாளாம், கஞ்சி கேட்டாளாம். சத்தமாகப் படித்தேன். "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் பாய்.

அந்த ஐந்து பேரிடமும் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கடைக்காரரிடம் இன்றுவரை தோன்றவில்லை.