முழங்கால் உயரச் சன்னல்

என் மகள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் எளியவர்களின் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுத்தவள். அவள் மறைந்த சில மாதங்களில், அவள் கடைசியாக அமைத்த வீட்டைப் பார்க்கத் தூத்துக்குடிக்குச் சென்றேன். கடலோரச் சிறு வீடு அது. ஒரு காலத்தில் சங்கு குளித்த முதியவர், இப்போது நடக்க இயலாமல், அங்கே படுத்திருந்தார். அவளுடைய தந்தை என்றும், கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்றும் என்னை அறிமுகம் செய்துகொண்டேன்.

அறை நேர்த்தியாக இருந்தது. சன்னல் மட்டும் முழங்கால் உயரத்தில் இருந்தது. அளவு பிசகிவிட்டதோ என்ற ஐயம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“வாத்தியாரே, நின்னா தெருமண்ணுதான் தெரியும். இங்கன வந்து படுத்துப் பாரும்” என்று கட்டிலில் ஒதுங்கி இடம் கொடுத்தார்.

தயக்கத்துடன் படுத்தேன். தொலைவில் நின்ற கப்பல்கள் வரை கடல் முழுவதும் கண்ணுக்கு நேரே விரிந்தது.

“ஒம்ம மவ என்னைய நாற்காலில ஒக்கார வச்சிட்டு, இதுலதான் படுத்துப் பாத்தா. டிவிக்காரனுவ சிரிச்சானுவ. ‘படுத்திருக்கவருக்குத்தான சன்னலு’ன்னு சொல்லிட்டா.”

மருத்துவமனையில் கடைசி நாட்களில், “கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்ப முடியுமாப்பா?” என்று அவள் கேட்டாள். கருவிகளின் கம்பிகள் அவ்வளவு தூரம் எட்டா என்று நான் விளக்கமாகச் சொன்னேன். சரி என்று தலையசைத்தாள். அவள் கேட்டது என்ன என்பது அந்தக் கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

நெடுநேரம் நான் எழவில்லை. எழச் சொல்லி அவரும் கேட்கவில்லை.