குண்டூசி பொறுக்கிய காந்தம்

பழைய தையல் சாமான்கள் சேர்ப்பது என் பைத்தியம். இன்று விழுப்புரம் பழைய கடையில் ஒரு லாடக் காந்தத்தை எடுத்ததும், அதிலிருந்த மிஷின் எண்ணெய் வாசனையில் திண்டிவனத்தில் அம்மா நடத்திய தையல் கடை கண்முன் வந்து நின்றது. மிஷின்கள் ஓய்ந்து, வெட்டுத்துணிகளைக் கூட்டி முடித்ததும், நூலில் கட்டிய காந்தத்தை என்னிடம் கொடுத்து, "வெறுங்கால்ல வர்றவங்க இருக்காங்கடி, நல்லா தேடிக்கினு வா" என்பாள் அம்மா. சிமெண்டுத் தரையில் அதை இழுத்துக்கொண்டு போனால் குண்டூசிகள் டிக் டிக்கென்று வந்து ஒட்டும்.

அம்மா போய்ச் சேர்ந்தாள். சாலையை அகலப்படுத்தியதில் கடையும் போனது.

திரும்பும் வழியில் திண்டிவனத்தில் இறங்கி, சாலையோரம் கடை இருந்த மண்ணில், வாங்கி வந்த காந்தத்தை இழுத்தேன். துருப்பிடித்த குண்டூசி ஒன்று ஒட்டியது. போதுமென்று எழுந்தேன். தலையில் மல்லாட்டைக் கூடையோடு, வேர்க்கடலை விற்கும் ஒருத்தி வெறுங்காலில் அந்தப் பக்கம் வந்தாள்.

நான் மறுபடியும் குனிந்தேன்.