பொதுச் சீனி

குடியை விட்டபோது என்னைப் பாராட்டியவர்கள் பலர். சீனியை விடு என்று சொன்னபோது யாருக்கும் அது ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. போத்தலையே விட்டவனுக்குச் சீனி எம்மாத்திரம் என்றுதான் கிளினிக்கிலிருந்து இறங்கி வந்தேன்.

சீனி என் வாய்க்கு மருந்தாகத்தான் வந்தது. குடியை நிறுத்திய புதிதில், தேயிலைப் பெக்டரியில் வேலை முடிந்து வெளியே வந்தால் கால் தானாகவே டவுன் பக்கம் திரும்பும். குடியை விட்டவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் கூடுவோம். அங்கே முன்பு லொறி ஓட்டிய அண்ணன் ஒருவர் எனக்கு ஒரு வழி சொன்னார்.

"வாய் கேக்கிறப்ப சும்மா இருக்காதீங்க தம்பி. ஒரு டொபியப் போடுங்க. வாய ஏமாத்துங்க. அது ஒரு மடப் பய."

கூட்டத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவன் நான். ஆனால் அந்தப் புத்திமதியை யாரையும் விட நன்றாகக் கடைப்பிடித்தேன். சட்டைப்பை நிறைய டொபி. பால் தேத்தண்ணிக்குக் கரண்டி கரண்டியாகச் சீனி அள்ளிப் போட்டேன். டின்பால் வாங்கினால் கரண்டியை வழித்து நக்கினேன். என் மனைவிக்கு அதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. துணி துவைக்கும்போது சட்டைப்பையில் டொபித் தாள் அகப்பட்டால், ஒரு கிளாஸ் சாராயம் தப்பியது என்று அவள் கணக்கு. கடைக்குப் போனால் எனக்கென்று தனியாகச் சீனி வாங்கி வருவாள். இப்படியே சில வருடங்கள் ஓடின.

பிறகு காலில் ஒரு புண் வந்தது. சப்பாத்து கடித்த சின்னப் புண்தான், ஆறவே இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, அங்கிருந்து டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனோம். இரத்தம் பார்த்து, சீனி வருத்தம் என்றார்கள். சிங்கள நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் என்னை ஒரு தரமும் என் மனைவியை ஒரு தரமும் பார்த்துவிட்டு, எங்களுக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

"சீனி எபா. டொபி எபா. பணிஸ் எபா. ஹரித?"

வேண்டாம், வேண்டாம், வேண்டாம், சரியா என்று கேட்கிறார். நான் தலையாட்டினேன். என் மனைவி என்னை விட வேகமாகத் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சீனிப் போத்தலை எடுத்துப் பக்கத்து வீட்டுக் காம்பராவில் கொடுத்துவிட்டாள். அதோடு விட்டாலும் பரவாயில்லை. அவளும் சீனியை விட்டாள்.

எங்கள் ஆட்கள் பால் இல்லாத வெறும் சாயத்தண்ணிக்குச் சீனியைக் கலக்கமாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, நாக்கால் ஒரு தொடல், தண்ணியில் ஒரு மிடறு என்று குடிப்பார்கள். கொஞ்சச் சீனியில் முழுக் கோப்பையும் இனிக்கும். என் மனைவி நடக்கப் பழகிய நாளிலிருந்து அப்படிக் குடிப்பவள். சீனி இல்லாத முதல் கோப்பையைக் குடித்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "நீ ஏன் விடற? ஒனக்கும் சீனி வருத்தமா?" என்று கேட்டேன்.

"நீங்க பாத்துக்கிட்டு இருக்கிறப்ப நான் மட்டும் கைய நக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

புண்ணோடு பெக்டரியில் நாள் முழுக்க நிற்க முடியவில்லை. அவள்தான் கங்காணியிடம் போய்ப் பேசி, மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குத் தேத்தண்ணி காய்ச்சும் வேலையை எனக்கு வாங்கினாள். அவளும் அந்தக் கூட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறாள். தேயிலைத் தூள் தோட்டம் கொடுக்கும். சீனி பெண்களுடையது. திங்கட்கிழமை ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து ஒரே டின்னில் கொட்டுவார்கள். காய்ச்சுகிறவன் அதைப் பத்திரமாக வைத்து, இடைவேளையில் ஆளுக்கு ஒரு கரண்டி உள்ளங்கையில் போடவேண்டும்.

கங்காணி யோசித்தார். "வேல குடுக்கலாம். சீனி டின்ன இவர் கையில குடுக்கிறதாங்கிறதுதான்..." என்று இழுத்தார்.

அவர் இழுத்ததற்குக் காரணம் இருந்தது. கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுவதற்கு முக்கியமாக வேண்டியது சீனி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டில் கசிப்பு காய்ச்சுகிறவனிடம் சீனி கொண்டுபோய்க் கொடுத்தால் காசுக்குப் பதிலாகக் குடிக்கத் தருவான். குடித்துத் திரிந்த காலத்தில் எங்கள் வீட்டுச் சீனி அந்த வழியாகத்தான் போனது. அது எங்கள் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

"அது அந்தக் காலங்க. இப்ப நான் பொறுப்பு," என்றாள் என் மனைவி. கங்காணி சரி என்றார்.

முதல் நாள் கரண்டியில் ஒட்டியிருந்ததைத்தான் நக்கினேன். கழுவப் போகிற கரண்டிதானே. இரண்டாம் நாள் ஒட்டியிருப்பது கொஞ்சம் அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அந்த வாரம் முடிவதற்குள், தண்ணி கொதிக்க வைத்துவிட்டு ஒரு கரண்டியை நாக்குக்கு அடியில் போட்டு, அது கரையும் வரைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பது வழக்கமாகிவிட்டது. இதுவும் இல்லையென்றால் குடிக்கப் போய்விடுவேன், அதைத் தடுக்கத்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அதனால்தான் அது அவ்வளவு வசதியாக இருந்தது.

யாராவது வருகிறார்களா என்று தேயிலை நிறைகளுக்கு நடுவே எட்டிப் பார்ப்பேன். பிறகு வெறும் சாயத்தைக் கொப்பளித்துத் துப்புவேன். உதட்டைத் துடைப்பேன். ஒரு நாள் துடைக்கும்போதுதான் புறங்கையால் அப்படித் துடைக்கும் பழக்கம் எந்தக் காலத்தது என்று ஞாபகம் வந்தது. ஆனாலும் மறுநாள் நிறுத்தவில்லை.

இடைவேளைக்குப் பெண்கள் வரிசையாக வருவார்கள். ஒரு கையில் கோப்பை, மற்றக் கையை விரித்து நீட்டுவார்கள். என் மனைவி கோப்பையை மட்டும் நீட்டுவாள். நான் கரண்டியை டின்னுக்குள் வைத்துவிட்டு அவளுக்குச் சாயத்தை ஊற்றுவேன். அவள் ஓரமாகப் போய் நின்று, மருந்து குடிப்பது போல் வேகமாகக் குடித்து முடிப்பாள். அந்த நேரத்தில் என் வாயில் இனிப்பு மிச்சம் இருக்கும்.

நான் தின்றதைச் சரிக்கட்ட, பெண்களுக்குப் போடும் கரண்டியைக் கொஞ்சம் தட்டிப் போட்டேன். அந்தக் கூட்டத்தில் மூத்த அக்கா ஒருவர் உண்டு. வாய் கொஞ்சம் அதிகம். அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். "என்னாண்ணே, கரண்டிக்குக் காச்சலா? மெலிஞ்சு போச்சே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு வாரம் பாதியிலேயே டின் காலியாகிவிட்டது. அன்று மழை இருட்டிக்கொண்டு வந்ததால் பெண்கள் நேரத்தோடு இடைவேளைக்கு இறங்கிவிட்டார்கள். நான் அடிச்சீனியைச் சுரண்டி அப்போதுதான் வாயில் போட்டிருந்தேன். அக்கா நேராக வந்து டின்னைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.

"திங்கக்கெழம போட்ட சீனி எங்கண்ணே?"

"எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும்க்கா," என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண்.

"ஆமா ஆமா. ரெண்டு காலு எறும்பு. ஆத்தத் தாண்டிப் போற எறும்பு."

சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று விளங்காதவர்கள் அங்கே இல்லை.

என் மனைவி கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "யாரச் சொல்றீங்க?"

"நான் பேரு சொன்னேனா?"

"நீங்க பேரு வேற சொல்லணுமாக்கும்! இங்க பாருங்கக்கா. இவரு குடிய விட்டு எத்தன வருசம்னு ஒங்களுக்கே தெரியும். எம் புள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன், இந்த மனுசன் அந்தப் பக்கம் போகல. எங்க வீட்டுல சீனியே கெடையாது. மிஸ்ஸி சொன்னதுல இருந்து ஒரு பருக்க சீனி வாயில வச்சதில்ல. அவரயே கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சீனி இன்னும் கரையவில்லை. வாயைத் திறந்தால் பற்களுக்கு இடையே நறநறக்கும். இல்லை என்பது போலத் தலையை ஆட்டினேன். எந்தக் கேள்விக்கு இல்லை என்று எனக்கே தெரியாது.

"பாவம் விடுங்க, அண்ணன் எப்பவுமே பேசாது," என்றாள் ஒருத்தி.

என் கூச்சம் அன்று என்னைக் காப்பாற்றியது. சிறு வயதிலிருந்து எனக்கு அவமானத்தை மட்டுமே தந்த கூச்சம், முதல் முறையாக என் பக்கம் நின்றது. அக்காவும் இறங்கி வந்தார். "சரி, சத்தியம் பண்ணிட்டா. அதுக்கு மேல என்னா?" என்றார்.

"கொறையிறத நான் போடுறேன்," என்று என் மனைவி கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நான் தண்ணிப் பீலியில் கால் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தபோது அவள் துடைக்கத் துவாயை நீட்டினாள். நீட்டியவள் ஒரு நொடி கிட்டே வந்து மூச்சை இழுத்தாள். எனக்கு விளங்கிவிட்டது. குடித்த காலத்தில் தினமும் வாசலில் நடந்தது அது. விட்ட பிறகு அவளும் விட்டிருந்தாள். பகலில் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தவள், பொழுது சாய்ந்ததும் என் வாயை மோந்து பார்க்கவேண்டி வந்தது. சாராய வாடை இல்லை. அவள் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் முகத்தில் இன்னொரு யோசனை வந்ததையும் பார்த்தேன். அப்படியானால் சீனி எங்கே போனது?

அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று சோறு தின்னும் வரைக்கும் காத்திருந்தேன். கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. குடித்தேன் என்று சொல்வது கூட ஓர் ஆம்பிளை செய்கிற தப்புப் போல இருந்தது. சீனி தின்றேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் அவள் கடையில் சீனி வாங்கி, கடதாசியில் சுற்றி, நூல் போட்டு இறுகக் கட்டி மலைக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "பத்திரம்" என்று மட்டும் சொன்னாள். எங்கள் வீட்டுக்குள் நுழையக்கூடாத சீனி. அதை அவள் விரலில் கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

அடுப்பை மூட்டித் தண்ணியை வைத்தேன். டின்னில் கொட்டுவதற்காக முடிச்சை அவிழ்த்தேன். கொட்டவில்லை. முதலில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். கரண்டி கூட எடுக்கவில்லை. தின்னும்போது சீனி இனிக்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் இனித்தது. நன்றாகவே இனித்தது. நாளைக்கும் இதைச் செய்வேன், இவள் நாளைக்கும் வாங்கித் தருவாள், நாளைக்கும் எனக்காகச் சத்தியம் செய்வாள் என்பது மட்டும் அப்போது தெளிவாகத் தெரிந்தது.

இடைவேளைக்குப் பெண்கள் வந்ததும் டின்னை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தேன்.

"இனி இத நீங்க வச்சிக்கங்க. சீனிய நான்தான் தின்னேன்."

"என்னாது?"

"கசிப்புக்குக் குடுக்கல. வாயில போட்டுக்கிட்டேன். இப்பவும் தின்னேன்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான்.

"அடக் கடவுளே! சின்னப்புள்ளயா நீங்க?"

"நம்ம எறும்பு ஆப்டுருச்சுடி! மீச வச்ச எறும்பு!"

"நான் வேற ஆத்துப் பக்கம் ஆளு அனுப்பிப் பாக்கச் சொன்னேன்," என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கசிப்பு என்றால் பொலிஸ், தோட்டத்து அதிகாரி கண்டாக்கு, வேலை போவது என்று எவ்வளவோ இருக்கிறது. சீனி தின்றது அவர்களுக்குப் பகிடி. அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கும் பாரம் இறங்கியது போல வாய் ஓரம் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு திரும்பி என் மனைவியைப் பார்த்துவிட்டேன்.

"எப்பருந்து?" என்றாள்.

"மொத நாள்லருந்து."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு அக்காவுக்கு முன்னால் போய் உள்ளங்கையை விரித்தாள். "எனக்கும் ஒரு கரண்டி போடுங்கக்கா."

சிரிப்பு நின்றது. அக்கா கரண்டி நிறையப் போட்டார். என் மனைவி ஒரு தரம் நக்கினாள், ஒரு மிடறு குடித்தாள். அவசரப்படவில்லை. கோப்பை காலியாகும் வரைக்கும் என்னைப் பார்க்கவில்லை. கையை இடுப்பில் கட்டியிருந்த படங்கில் துடைத்துக்கொண்டு தன் நிறைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம், "கோவமா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"குடிச்சிருந்தா கோவப்பட்டிருப்பேன். அது எனக்குப் பழக்கம். இதுக்கு என்னா செய்யிறதுன்னு தெரியல." சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "கால எடுக்கணும்னு சொல்லிட்டாங்கன்னா நான்தானே தூக்கிக்கிட்டுத் திரியணும்? அதயும் செய்வேன். ஆனா இனி ஒங்களுக்காக நான் எதயும் விடமாட்டேன். நீங்க விட்டா விடுங்க."

அந்த வாரமே வீட்டுக்குச் சீனி வந்தது. அவள் ஒளித்து வைக்கவில்லை. உப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் அவள் கையில் கொட்டிக்கொண்டு குடிக்கிறாள், நான் எதிரில் வெறும் சாயத்தைக் குடிக்கிறேன். இடையில் ஒன்றிரண்டு முறை தொட்டிருக்கிறேன். தொட்ட அன்றே சொல்லிவிட்டேன். "ம்" என்றாள், அவ்வளவுதான். குடி பக்கம் போகவில்லை. வாசலில் அவள் இப்போது கிட்டே வருவதும் இல்லை.

போன தடவை கிளினிக்குக்குத் தனியாகத்தான் போனேன். புண் ஆறி வருகிறது, இரத்தத்தில் சீனியும் குறைந்திருக்கிறது என்றார்கள். மிஸ்ஸி சந்தோசமாக என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "நோனா கோ?" என்று கேட்டார். மனைவி எங்கே என்று.

வேலைக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன். அன்று அவளுக்கு லீவு. நான் பஸ்ஸுக்கு இறங்கியபோது பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.