பிரிமணையில் உட்கார்ந்த கதை

பானை உருளாமல் இருக்க வைக்கோலைத் திரித்து வளையமாகச் சுற்றி வைப்போமே, பிரிமணை, அதைப் பெரிதாகப் பின்னி நான்கு பனைமட்டைக் கால்களில் ஏற்றி, நாற்காலி என்று பேர் வைத்தான் என் தம்பி மகன். இதற்கென்று வெளியூர் போய்ப் படித்தவன். தச்சநல்லூரில் பட்டறை போட்டிருக்கிறான்.

விளம்பரப் படத்துக்கு நான் வேண்டுமென்றான். அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். நாற்காலியில் ஒல்லியாக ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தான். என்னிடம் நைந்த நூல்சேலை ஒன்றை நீட்டினான்.

"அத்தை, இதைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல தரையில உக்காருங்க. அப்பத்தான் கிராமத்துக் களை வரும்."

"ஏலே, உங்க அப்பனே என் முன்னால கால்மேல கால் போடமாட்டான். நீ என்னைத் தரையில உக்கார வச்சு யாவாரம் பண்ணப் பாக்கியா? நாற்காலின்னா உக்காருதேன். இல்லன்னா இப்பமே பஸ் ஏறுதேன்."

படம் எடுப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் எழுந்துகொண்டாள். நான் பைய உட்கார்ந்தேன். வைக்கோல் சுருக்கென்று குத்தியது. முகத்தில் காட்டவில்லை.

"சுகமா இருக்கா அத்தை?"

"மாட்டுக்கு ரொம்பப் பிடிக்கும்லே."

படம் எல்லார் செல்போனுக்கும் போனது. அதில் என் கொசுவம் விரிந்து நாற்காலியை முழுக்க மூடியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பட்டு எந்தக் கடையில் எடுத்தது என்றுதான் அவனிடம் கேட்கிறார்களாம். அவன் என்னிடம் கேட்டான். முதலில் அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துப் போடு, பிறகு சொல்கிறேன் என்றேன்.