வெள்ளைத் துண்டின் கீழே

என் மேசை இழுப்பறையில் ஒரு காட்டுப் படம் கிடக்கிறது. அமேசானின் ஒரு மூலை. பச்சைக்கு நடுவே விரலகலத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கும். ஒட்டியவர் மன்னார் அக்கா. அன்று அவரோடு நான் போட்ட சண்டையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த சென்ட் லோரன்டில், ஒரு மருந்துத் தொழிற்சாலைக்குப் பின்னால் எங்கள் சிறிய அலுவலகம். வானிலிருந்து செய்மதி எடுக்கும் படங்களைப் பார்த்து, எங்கே காடு வெட்டுப்படுகிறது என்று அறிக்கை எழுதுவது வேலை. நான் பொறுப்பாளர், அக்கா சேர்ந்து மூன்று மாதம்கூட இல்லை. வெளியுலகமே வேண்டாமென்று ஒதுங்கி வாழும் மக்களின் காட்டுக்குள், மரம் வெட்டுபவர்களின் பாதை ஒன்று நீண்டுகொண்டிருந்தது. அங்கே ஒருவருமே இல்லை என்று மரம் வெட்டும் கம்பெனி சாதித்தது. ஒருநாள் காலை, படத்தில் நான்கு கூரைகளையும் ஓர் இழை புகையையும் கண்டுபிடித்தேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கையில் சேர்க்கவென்று சிவப்பு வட்டம் போட்டு, அச்செடுத்து, சுவரில் ஒட்டிவிட்டு, எல்லாருக்கும் கோப்பி வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது வட்டத்தின் மேல் வெள்ளைக் காகிதம்.

“என்ன அக்கா செய்யிறியள்? இதைக் காட்டாட்டி ஆர் நம்புவினம்?” என்று கத்தினேன்.

“அறிக்கையை ஆரும் வாசிக்கலாம் எல்லோ, தம்பி. வெட்டுறவனும் வாசிப்பான். அவனுக்கு வழி காட்டப் போறியளோ?” அக்கா குரலை உயர்த்தவில்லை. “சண்டை நேரம் வன்னிக் காட்டுக்குள்ள இருக்கேக்க, குண்டு போடுற பிளேன் சத்தம் கேட்டா முதல் அடுப்பிலதான் தண்ணி ஊத்துவம். புகை தெரிஞ்சா எங்கட கதை முடிஞ்சுது.”

நானும் அப்படி அடுப்பணைத்த வீட்டுப் பிள்ளைதான். அதை மறந்து, விமானத்தில் இருந்தவனின் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க இருவரும் பாதையை மட்டும் வரைந்தோம். இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட காடு முழுவதற்கும் ஒரே நிறம் பூசி, இதற்குள் மக்கள் வாழ்கிறார்கள் என்று எழுதினோம். எந்த இடத்தில் என்று எழுதவில்லை. கூரைகள் தெரியும் படம் மூடிய உறையில், வழக்கை விசாரித்த நீதிபதிக்கு மட்டும் போனது. பயந்துகொண்டே காத்திருந்தோம். கடைசியில் தடையுத்தரவு வந்து, பாதை நின்றது.

அக்கா இப்போது பக்கத்து நகரான புரோசார்ட்டில் வேறு வேலையில் இருக்கிறார். போன வாரம் வந்த படத்தில் அந்தப் பாதையைப் புதர் மூடியிருந்தது. கூரைகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வெளிர்பச்சைச் சதுரம். மனம் பொங்கிவிட்டது. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, அவை புதுத் தோட்டம் போட்டிருக்கினம்!”

மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. “தோட்டம் எங்கயெண்டு எனக்கும் சொல்லாதேங்கோ. சாப்பிடுகினம்தானே, அது காணும்.”

போனை வைத்துவிட்டு, பழைய படத்துக்குப் பக்கத்தில் புதியதை விரித்தேன். வெள்ளைக் காகிதத்தில் இன்னொரு துண்டு வெட்டினேன். இந்த முறை கொஞ்சம் பெரிதாக. தோட்டம் இன்னும் வளரும் அல்லவா?